மேல் உதட்டுக் கோடுகளுக்கு ஊசி போட்டால் குழல் வாசிக்க முடியுமா?

குழலிசை:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 53. சிறுவயதிலிருந்து புல்லாங்குழல் வாசிக்கிறேன். 20 வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறேன்.

போன மாதம் ஒரு மாணவி, உதடு எப்படிக் குவிகிறது என்று பார்த்துப் பழக வேண்டும் என்று என் வாயை மட்டும் நெருக்கத்தில் வீடியோ எடுத்தாள். இருவரும் சேர்ந்து பார்த்தோம். அவள் உதட்டைப் பார்த்தாள், நான் உதட்டுக்கு மேலே இருந்ததைப் பார்த்தேன். நெட்டுக்குத்தாக ஏழெட்டுக் கோடுகள். ஊத ஆரம்பித்ததும் சுருக்குப்பையின் கயிற்றை இழுத்த மாதிரி எல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. குழலை இறக்கிய பிறகு பாதி மறைகின்றன, மீதி அங்கேயே நிற்கின்றன. லிப்ஸ்டிக் போட்டால் அரை மணி நேரத்தில் அந்தக் கோடுகள் வழியாக மேலே ஏறிவிடுகிறது. இடது பக்கம் கொஞ்சம் அதிகம். மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடி வரை வரும் மடிப்பும் ஆழமாகியிருக்கிறது. ஆனால் அது என் அம்மாவுக்கும் இருந்தது, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

ஒரு அழகு சிகிச்சை மையத்துக்குப் போனேன். உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில், "மேல் உதட்டில் நாலு இடத்தில் போடாக்ஸ், மூக்கோரத்தில் ஃபில்லர், இன்றைக்கே முடித்துவிடலாம்" என்றார்கள். என் தொழில் என்ன என்று யாருமே கேட்கவில்லை. நானாகச் சொல்லி, வாசிப்புக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டதற்கு, படிவத்திலிருந்து தலையைத் தூக்காமலே "ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தும் கை நடுங்கியது. என் உதடு என் பிழைப்பு, அதைவிட என் சந்தோஷம்.

குழல் ஊதியதால்தான் இந்தக் கோடுகள் வந்தனவா? ஊசி போட்டால் வாசிப்பு கெடுமா? வேறு வழி உண்டா? நான் நல்ல கருப்பு நிறம், ஒரு பரு வந்து போனால்கூட அந்த இடத்தில் மாதக்கணக்கில் கறை நிற்கும். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மாலைவெயில்:

மேடம், ஊசியெல்லாம் எதற்கு? உதட்டை நன்றாகக் குவித்து ஒரு நாளைக்கு 50 முறை பயிற்சி செய்யுங்கள். தசை இறுகினால் தோலும் இறுகும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன்.

தாழை:

அக்கா, நான் தோல் சிகிச்சைப் பிரிவில் 18 வருடமாகச் செவிலியர். மருத்துவர் இல்லை, அதனால் இதைப் பிடித்துக்கொண்டு நேரே எதையும் செய்துவிடாதீர்கள். நல்ல தோல் மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள்.

முதலில் அந்த 50 முறை குவிக்கும் பயிற்சி வேண்டாம். வாயைச் சுற்றி வளையமாக ஒரு தசை இருக்கிறது. நீங்கள் சொன்ன சுருக்குப்பைக் கயிறு அதுதான். அது சுருங்கும்போது மேலே இருக்கிற தோல் குறுக்கே மடியும், அதனால்தான் கோடு நெட்டுக்குத்தாக விழுகிறது. இளவயதில் மடிந்த தோல் உடனே நிமிர்ந்துவிடும். தோலுக்கு உறுதி தரும் கொலாஜனும் நெகிழ்ச்சி தரும் எலாஸ்டினும் குறையக் குறைய மடிப்பு அப்படியே தங்கிவிடும். ஆக, குழல் ஒரு காரணம்தான், ஆனால் முழுப் பழியும் அதன் மேல் இல்லை. குழலைத் தொடாத, உங்கள் வயதுப் பெண்கள் இதே கோடுகளோடு எங்களிடம் வருகிறார்கள்.

மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருடத்தில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது. அதற்கப்புறம் வருடத்துக்கு 2 சதவீதம் போலக் குறைந்துகொண்டே போகும். அதோடு, ஆண்களுக்கு அந்த இடத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள், வியர்வைச் சுரப்பிகள், ரத்தக்குழாய்கள் எல்லாம் அதிகம். நமக்குக் குறைவு, தசையும் தோலுக்கு ரொம்ப நெருக்கமாக ஒட்டியிருக்கிறது. ஒரே வயது அண்ணன் தங்கையை உட்கார வைத்துப் பார்த்தால் தங்கைக்குத்தான் மேல் உதட்டில் கோடு அதிகமாகத் தெரியும். புகைப்பவர்களுக்கு உறிஞ்சுவதும் நிகோட்டினும் சேர்ந்து இதை இன்னும் சீக்கிரம் கொண்டுவரும். பல் விழுந்தவர்களுக்கு உள்ளே தாங்கல் இல்லாமல் உதடு உள்வாங்கும், அங்கே தோல் மருத்துவருக்கு முன்னால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரியது வெயில். இடது பக்கம் அதிகம் என்றீர்களே, நீங்கள் தினமும் எங்கே உட்கார்ந்து வாசிக்கிறீர்கள்?

அப்புறம் போடாக்ஸ். அது தசைக்கு வரும் நரம்புச் செய்தியைத் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்து. புருவ நடுவில் வழக்கமாக 20 யூனிட் போடுவார்கள் என்றால், மேல் உதட்டில் மொத்தமே 4 முதல் 6 யூனிட்தான். அவ்வளவு குறைவாகப் போடுவதற்குக் காரணமே, கொஞ்சம் கூடினாலும் உதடு சரியாகக் குவியாது, மூடாது என்பதுதான். உறிஞ்சிக் குடிப்பது, விசில் அடிப்பது, இரண்டு உதடும் ஒட்டிப் பிறக்கும் பகர மகர எழுத்துகள், இதிலெல்லாம்தான் முதலில் குறை தெரியும். மற்றவர்களுக்கு அது சின்ன அசௌகரியம். ஊதுகிறவர்களுக்கு அப்படி இல்லை. நான் வேலை செய்த இடங்களில் ஊது கருவி வாசிப்பவர்களுக்கு உதட்டைச் சுற்றி இந்த ஊசியே வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்லியிருக்கிறார்கள். "ஒன்றும் ஆகாது" என்று உங்களிடம் சொன்னதைப் படித்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

நெய்தல்:

தாழை சொல்வதை நான் அனுபவித்திருக்கிறேன் தோழி. நான் வானொலியில் செய்தி வாசிப்பவள். மூன்று வருடத்துக்கு முன்னால் மேல் உதட்டில் போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியவில்லை. நாலாம் நாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஓரத்தில் வழிந்தது. அன்று மாலை ஒத்திகையில் "பம்பரம்" என்ற சொல் வாயில் நிற்கவே இல்லை. 'ப' வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று. ஒலிப்பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுதேன். செய்தியில் "பிரதமர்", "பொதுமக்கள்", "பாதிப்பு" என்று எல்லாமே 'ப' தான்!

கோடு நன்றாகவே குறைந்திருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் உச்சரிப்பு முழுதாகத் திரும்ப ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை விரலால் மேல் உதட்டைத் தாங்கிக்கொண்டு வீட்டில் பயிற்சி செய்தேன். உங்களுக்கு இது வேண்டாம்.

குழலிசை:

நெய்தல், படிக்கும்போதே என் உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். இதை எழுதியதற்கு மிக்க நன்றி.

தாழை, ஜன்னல்! 20 வருடமாக அதே நாற்காலி, இடது பக்கம் பெரிய கண்ணாடி ஜன்னல். காலை 9 மணி வெளிச்சம் நேராக முகத்தில் விழும். கண்ணாடிதான் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் ஃபில்லர், லேசர் எல்லாம் எப்படி? இன்னொன்று, முக்கியமா என்று தெரியவில்லை: வருடத்துக்கு இரண்டு தடவை உதட்டோரத்தில் கொத்தாகச் சின்னக் கொப்புளங்கள் வரும், ஒரு வாரத்தில் போய்விடும்.

தாழை:

ரொம்ப முக்கியம் அக்கா, நல்ல வேளை சொன்னீர்கள். அது பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் வைரஸாக இருக்கும். அது உடம்பைவிட்டுப் போகாது, நரம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். வாயைச் சுற்றி லேசரோ, ரசாயனம் தடவித் தோலை உரிக்கும் ஆழமான பீலிங்கோ செய்தால் விழித்துக்கொண்டு, புண்ணான தோல் முழுவதும் பரவித் தழும்பாகலாம். அதனால் முன்கூட்டியே வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கி, தோல் ஆறும்வரை தருவார்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் இதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

ஜன்னல் விஷயம்: வெயிலில் இருக்கிற புற ஊதாக் கதிர்களில், சாதாரணக் கண்ணாடி யுவிபி கதிரைப் பெருமளவு தடுக்கும், ஆனால் தோலின் ஆழத்துக்குப் போகிற யுவிஏ கதிரில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். 2012-ல் ஒரு மருத்துவ இதழில் 28 வருடம் லாரி ஓட்டிய ஒருவரின் படம் வந்தது. ஜன்னல் பக்கத்துக் கன்னம் மட்டும் பத்து இருபது வயது கூடுதலாகத் தெரியும். எங்கள் பிரிவில் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அதைத்தான் முதலில் காட்டுவோம்.

ஃபில்லர் பெரும்பாலும் ஹைலூரானிக் அமிலம். தசையை முடக்காது, பள்ளத்தை நிரப்பும். பிடிக்காவிட்டால் ஒரு நொதியை ஊசியாகப் போட்டுக் கரைத்துவிடலாம். ஆனால் உதட்டில் மெல்லிய இடத்தில் அதிகம் போட்டால் கட்டி தட்டும், மேலோட்டமாகப் போட்டால் நீலம் பாய்ந்தது போலத் தெரியும். உங்கள் உதட்டின் கனம் மாறினாலும் காற்று போகும் வழி மாறும், அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும். மூக்கோர மடிப்பில் முக்கியமான ரத்தக்குழாய் ஓடுகிறது. மருந்து அதற்குள் போய் அடைத்தால் தோல் அழுகலாம், மிக அரிதாகப் பார்வையே போகலாம். போட்டவுடன் தோல் வெளுப்பதோ, தாங்க முடியாத வலியோ, வலைபோல நீலத் திட்டோ வந்தால் அந்த நிமிடமே மருத்துவர் பார்க்க வேண்டும். கரைக்கும் மருந்து கையில் இல்லாத இடத்தில் ஃபில்லர் போட்டுக்கொள்ளவே கூடாது.

கார்பன் டை ஆக்சைடு லேசர் ஆழமான கோடுகளுக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் பரு வந்தாலே கறை நிற்கும் தோலில், அந்தச் சூட்டுக்கு மீசை மாதிரி ஒரு கருந்திட்டு வந்துவிடலாம். மைக்ரோநீட்லிங்கில், அதாவது நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தும் முறையில், சூடு இல்லாததால் அந்த ஆபத்து குறைவு, பலனும் மெதுவாகத்தான் வரும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் சன்ஸ்கிரீனும், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த ட்ரெட்டினாயின் க்ரீமும்தான். 1986-ல் கிளிக்மேன் என்ற மருத்துவர் குழு வெயிலில் கெட்ட தோலை ட்ரெட்டினாயின் சீராக்குகிறது என்று எழுதியது, இன்றுவரை மிக அதிக நிரூபணம் உள்ள க்ரீம்களில் அதுவும் ஒன்று. மருத்துவர் எழுதிக்கொடுத்து, 0.025 சதவீதத்தில் தொடங்குங்கள். இரவில் மட்டும், மூன்று நாளைக்கு ஒரு தடவை, உதட்டைச் சுற்றி மட்டும் என்பதால் பட்டாணியில் பாதி அளவு. வாய்க்கோடியில் முன்பே வாசலின் தடவி மறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெடித்து எரியும். நாலு மாதம் பொறுக்க வேண்டும். (படிக்கிற மற்றவர்களுக்கு: கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தொடக் கூடாது.)

கடைசியாக ஒரு கெஞ்சல். சீக்கிரம் முகம் மாறும் என்று யாராவது பெயர் தெரியாத க்ரீம் கொடுத்தால் வாங்காதீர்கள். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதலில் பளபளப்பாகும், அப்புறம் தோல் மெலிந்து கோடு கூடிவிடும், வாயைச் சுற்றிச் சிவந்து பொரிப் பொரியாக வரும். அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்து மனசு நொந்துவிட்டது.

குழலிசை:

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். குழலையும் கொண்டு போயிருந்தேன், ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி உதட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தார். தாழை சொன்ன அதே க்ரீம்தான் எழுதினார், லேசர் உங்களுக்கு வேண்டாம் என்றார். இரண்டாம் வாரம் மேல் உதடு மாவு உதிர்வது போல உரிந்தது. ஒருநாள் வாசலின் வைக்க மறந்து, வலது வாய்க்கோடி வெடித்து மூன்று நாள் வாசிக்க முடியவில்லை. அதற்கப்புறம் மறக்கவில்லை. நாற்காலியை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டேன். காலையில் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன், உதட்டு விளிம்பு வரை. குழல் வாயில் படும் கீழ் உதட்டில் மட்டும் வாசிப்பதற்கு முன் துடைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் வழுக்குகிறது.

சின்னக் கோடுகள் பாதிக்கு மேல் மங்கிவிட்டன. இடது பக்கத்தில் ஆழமான இரண்டு மட்டும் அப்படியே இருக்கின்றன. லிப்ஸ்டிக் இப்போது அவ்வளவாக ஏறுவதில்லை. போன வாரம் அதே மாணவி மறுபடியும் வீடியோ எடுத்தாள். இந்தத் தடவை நானும் உதட்டைத்தான் பார்த்தேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சம் அதிகமாக இறுக்குகிறேன், அதைச் சரி செய்ய வேண்டும்.