புதுப்பிப்பு: ஃபோர் வீல் விளக்கு இப்போது மினுக்குவதில்லை

பூப்பாறை ஏலத்தோட்டத்துக்கு ஓடும் எங்கள் பிக்கப்பில், குமிழைத் திருப்பினால் 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் வேக நிலை) விழாமல் விளக்கு மட்டும் மினுக்குகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். ஃபியூஸ், ரிலே இரண்டிலும் குறையில்லை. முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் மேலிருந்து, அதன் கியரை மாற்றும் ஷிஃப்ட் மோட்டார்தான் வில்லன். பிரித்தால் உள்ளே தண்ணீர், துரு. பல்சக்கரம் கல்லாய் இறுகிக் கிடந்தது.

புது மோட்டார் மாட்டுவது அரை மணி வேலை. பழையதன் துருப்பிடித்த போல்ட்டுகளை அவிழ்க்கத்தான் ஒரு பொழுது போனது, அதுவும் போடி வெயிலில். ஒன்று கவனியுங்கள்: டிரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்டும் புது மோட்டாரும் ஒரே கியர் நிலையில் இருக்க வேண்டும். நான் பார்க்காமல் திணித்துவிட்டு மறுபடி கழற்றினேன்.

நேற்று மழையில் தோட்டத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டு 4எல்லுக்கு (நான்கு சக்கரமும் மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) திருப்பினேன். டக்கென்று விழுந்தது. அப்புறம் மூட்டையோடு ஏறிவிட்டது.