ராஸ்வெல்ங்கற அமெரிக்க டிவி சீரியலை (1999) மறுபடி பாக்குறேன்... மேக்ஸ் மேல இவ்ளோ கோவம் வருது, எனக்கு மட்டும்தானா?

மொட்டைமாடி_மல்லி:
மக்களே, ஒரு சின்ன புலம்பல், கொஞ்சம் நீளமா போயிடும், பொறுத்துக்கோங்க. ஸ்பாய்லர் நெறைய இருக்கு, பாக்காதவங்க இப்பவே ஓடிடுங்க.

காலேஜ் முதல் வருஷத்துல ஹாஸ்டல் ரூம்மேட்டோட கம்ப்யூட்டர்ல ராஸ்வெல் பாத்தவ நான். ஒரு சிடியில மூணு எபிசோடு, அதுல ஒண்ணு கண்டிப்பா கிளைமாக்ஸ்ல சிக்கி நிக்கும். அதுல மனுஷப் பையனா ஒளிஞ்சு வாழற ஏலியன் மேக்ஸ் எவன்ஸ் மாதிரி ஒருத்தன் வருவான்னு நம்பி ஒரு வருஷம் வீணாப்போனது தனிக்கதை. இப்போ ரெண்டு வாரமா புள்ளைய தூங்க வச்சுட்டு ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு மறுபடி பாக்குறேன்.

முதல் எபிசோடு இன்னிக்கும் அப்படியே புடிச்சு உக்கார வைக்குது. லிஸ் வேல பாக்கற கிராஷ்டவுன் ஓட்டல்ல எவனோ ரெண்டு பேர் சண்டையில துப்பாக்கி வெடிச்சு லிஸ் வயித்துல குண்டு பாயுது, இன்னொரு ஏலியன் பையன் மைக்கேல் தடுக்கத் தடுக்க மேக்ஸ் ஓடிப்போய் கைய வச்சு ஆத்திடறான், உடனே கெட்சப் பாட்டில உடைச்சு அவ யூனிஃபார்ம்ல ஊத்தி, கெட்சப் கொட்டிடுச்சுன்னு சொல்லிடுன்னு கெஞ்சறான் பாருங்க, அந்த மொகம்! அப்புறம் லிஸ் அவன் கடிச்ச பென்சில்ல இருந்து செல் எடுத்து மைக்ரோஸ்கோப்ல பாப்பா. பொண்ணு அழுதுட்டு நிக்காம லேபுக்கு போறா, அதுக்கே நூறு மார்க்.

பிரச்சினை ரெண்டாவது சீசன். எதிர்காலத்துல இருந்து, 2014ல இருந்து (அந்த 2014ஏ போய் எவ்ளோ நாளாச்சு!) ஒரு மேக்ஸ் வந்து, உலகம் அழியாம இருக்கணும்னா இப்போ இருக்கற மேக்ஸ் உன்னை வெறுக்கற மாதிரி பண்ணுன்னு லிஸ்கிட்ட சொல்றான். அவளும் தன் பழைய காதலன் கைல் கூட படுத்த மாதிரி நாடகம் போட்டு தன் பேரை தானே கெடுத்துக்கறா. யார்கிட்டயும் சொல்ல முடியாது. அப்போ அந்த மொட்டைமாடி டான்ஸ்ல அவன் பாதியில மறைஞ்சு போக, அவ தனியா ஆடிட்டு நிப்பாளே, அதுக்கு தலகாணி நனைய அழுதேன். இப்போ பாத்தா, ஏன்டா, உன் பாரத்தை ஒரு பள்ளிக்கூடத்து பொண்ணு தலையில வச்சுட்டு நீ பாட்டுக்கு போயிட்டியேன்னு தோணுது. அவ நண்பன் அலெக்ஸ் செத்தப்புறம் அது கொலைன்னு லிஸ் ஒருத்தியா அலையறா, இவரு நம்ப மாட்டாராம், மூஞ்ச தூக்கி வச்சுக்கிட்டு டெஸ்ங்கற ஏலியன் பொண்ணு கூட போயிடுவாராம்.

எனக்கு வயசாயிடுச்சா, இல்ல அவன் எப்பவுமே இப்படித்தானா? மூணாவது சீசன் தொடரலாமா? இன்னொன்னு, பாட்டெல்லாம் வேற மாதிரி இருக்கே, என் காதுதான் கெட்டுப்போச்சா?

பழைய_கேசட்:
காது நல்லாதான் இருக்கு சகோ. டிவியில ஓடினப்போ அந்தக் காலத்து ஹிட் பாட்டெல்லாம் போட்டாங்க, 2004ல டிவிடி போடும்போது உரிமைக்கு காசு கட்டுப்படியாகாம நெறைய பாட்டை மாத்திட்டாங்க. பாடகி டைடோவோட டைட்டில் பாட்டு தப்பிச்சுது. நீங்க ஹாஸ்டல்ல பாத்தது யாரோ டிவியில இருந்து ரெக்கார்ட் பண்ணதா இருக்கும், அதுலதான் ஒரிஜினல் பாட்டு. திருட்டு சிடி அசலா இருக்கு, காசு குடுத்து வாங்கினது நகல், என்னத்த சொல்ல. இந்த மாதிரி சீரியல்ல பாட்டுதான் பாதி வசனம், அதை மாத்தினா முத்தம் குடுக்கற சீன் கூட விளம்பரம் மாதிரி ஆயிடுது.

ஷெரிஃப்_கட்சி:
எல்லாரும் மேக்ஸ் லிஸ்னு அடிச்சுக்கறீங்க, கதையோட உண்மையான ஹீரோ ஊர் போலீஸ் தலைவர் ஷெரிஃப் வாலென்டிதான்னு நான் எப்பவோ முடிவு பண்ணிட்டேன். முதல்ல வில்லன் மாதிரி வர்றாரு, ஆனா ஏலியன் ஏலியன்னு அலைஞ்சு அப்பா ஊர் சிரிக்க போனதைப் பாத்து வளந்த மனுஷன், அதனால அந்த வெறி. மகன் கைல் குண்டு பட்டு சாகக் கெடந்தப்போ மேக்ஸ் காப்பாத்தறான், அந்த நிமிஷத்துல இருந்து இவரு இந்தப் பசங்களுக்காக எல்லாத்தையும் விட்டுக்குடுக்கறாரு, ரெண்டாவது சீசன்ல வேலையே போயிடுது. அவரா நடிச்ச வில்லியம் சாட்லர் ஒரு வார்த்தை பேசாம தொப்பிய கழட்டி வைக்கறதுலயே அது தெரியும். எனக்கு இப்போ மகன் பத்தாவது படிக்கிறான், அதனாலயோ என்னவோ.

மல்லி, உங்களுக்கு வயசாகல. 16 வயசு பையனா நடிச்ச ஜேசன் பெஹ்ருக்கு அப்போ 25, அதனாலதான் பெரிய மனுஷன் மாதிரி தெரிஞ்சான். ஒரு நிஜ பதினாறு வயசுப் பையன் மூஞ்சிய வச்சு யோசிச்சுப் பாருங்க, அவன் பண்றதெல்லாம் கச்சிதமா பொருந்தும்.

நாலாவது_பாட்:
டெஸ்ஸ திட்டாம ஒரு திரெட் கூட முடியாது போல. நான் அந்தப் பக்கம். கதைப்படி 1947ல ஏலியன் கப்பல் விழுந்து, 89ல கூட்டை விட்டு மத்த மூணு பேரும் வெளிய வந்ததும் மேக்ஸ், அவன் தங்கச்சி இசபெல்லுக்கு ஒரு நல்ல குடும்பம் கெடைக்குது. டெஸ்ஸ வளத்தது நசேடோங்கற ஏலியன் காவலாளி, அவன் அவளை பொண்ணா வளக்கல, ஆயுதமா வளத்தான். மைக்கேலுக்கு கெடைச்சது ஒரு குடிகார வளப்பு அப்பன், ஆனா அவனுக்கு காதலி மரியா இருந்தா. டெஸ்ஸுக்கு யார் இருந்தா? அலெக்ஸ கொன்னதை நியாயப்படுத்தல, ஆனா எழுதினவங்க அவளுக்கு துரோகிங்கற ஒரே வேலைய குடுத்துட்டாங்க.

அதுக்கும் காரணம் உண்டு. ரேட்டிங் போதல, காதலைக் குறைச்சு சயின்ஸ் ஃபிக்ஷனை ஏத்துங்கன்னு டபிள்யூபி சேனல் நெருக்குச்சு, ரெண்டாவது சீசன்ல ரொனால்ட் மூர் எழுத வந்தாரு. அதுக்கப்புறம்தான் கிரானோலித்ங்கற ஏலியன் கருவி, அன்டார்ங்கற அவங்க கிரகம், ராஜா ராணின்னு வண்டி வேற ரூட்டுல போச்சு. முதல் சீசன் முடியும்போது நிறுத்திடுவாங்கன்னு பேச்சு வந்து ரசிகர்கள் ஆயிரக்கணக்குல டபாஸ்கோங்கற மிளகா சாஸ் பாட்டில சேனல் ஆபீசுக்கு பார்சல் அனுப்பினாங்க, ஏன்னா இந்தப் பசங்க எதுல வேணா காரத்த ஊத்தித்தான் தின்னுவாங்க. நம்ம ஆளுங்கதான்னு நான் முதல்லயே சந்தேகப்பட்டேன்.

பழைய_கேசட்:
@நாலாவது_பாட், நசேடோ வளத்தான்னா? நசேடோவையே மேக்ஸ் கும்பல் எத்தனை எபிசோடு தேடிச்சு, டெஸ் வந்தப்புறமும் எல்லாம் தெரிஞ்சே ஒண்ணும் தெரியாத மாதிரி நடிச்சாளே சாமி. மன்னிக்கவே மாட்டேன். அலெக்ஸ் போனதுல இருந்து அந்த கூட்டத்துல சிரிப்பே இல்ல.

சாயங்கால_டீ:
மூணாவது சீசன் பத்தி கேட்டதுக்கு யாருமே பதில் சொல்லலயே, நான் சொல்றேன். டபிள்யூபி கைவிட்டு யூபிஎன்ங்கற வேற சேனல் எடுத்த சீசன், 18 எபிசோடுதான். மேக்ஸும் லிஸ்ஸும் யூட்டால கடைய கொள்ளையடிக்கப் போறதுல ஆரம்பிக்கும், சிரிச்சுடாதீங்க. இசபெல் கல்யாணக் கதை எனக்கு ஒட்டவே இல்ல. ஆனா கடைசி எபிசோடுக்காக பாக்கலாம், அவசர அவசரமா முடிச்சாலும் ஒரு வேனுல எல்லாரும் கெளம்பிப் போறது நல்லா இருக்கும். 2019ல வந்த புது ராஸ்வெல் நியூ மெக்சிகோவும் பாருங்க, அதுல லிஸ் மூலக்கதை புத்தகத்துல இருந்த மாதிரியே லத்தீன் குடும்பத்துப் பொண்ணு, எல்லாரும் பெரியவங்க, அதனால உங்க மேக்ஸ் பிரச்சினை பாதி தீந்துடும். பழைய லிஸ்ஸா நடிச்ச ஷிரி ஆப்பிள்பியே அதுல சில எபிசோடு டைரக்ட் பண்ணிருக்காங்க.

மொட்டைமாடி_மல்லி:
எல்லாருக்கும் நன்றி, ஷெரிஃப் அண்ணே, நீங்க சொன்னதுக்கப்புறம் அந்த தொப்பியத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். நேத்து ராத்திரி மூணாவது சீசனுக்கு போகாம திரும்ப முதல் சீசனுக்கே ஓடிட்டேன். மைக்கேல் வீட்டுல அடி வாங்கிட்டு கொட்டற மழையில மரியா வீட்டு ஜன்னல்ல வந்து நிப்பானே, அவ ஒரு கேள்வி கேக்காம உள்ள விட்டு புடிச்சுப்பா. அப்போ அந்த சீனை ஃபார்வர்ட் பண்ணிட்டு மேக்ஸ் எங்கன்னு தேடினவ நான். நேத்து மூணு தடவ பாத்தேன், மூணாவது தடவ புள்ள முழிச்சுக்கிச்சு.