பொருள்: ஆச்சி நினைவாகத் திரை வைப்பது பற்றி

அனுப்புநர்: டீச்சர் வீட்டுப் பேத்தி, தோஹா

கர்த்தருக்குள் அன்பான ஊராருக்கு ஸ்தோத்திரம்.

செயலாளர் அண்ணாச்சியின் வேண்டுகோளைப் படித்தேன். ஊர்கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குள் கோயிலில் எல்இடி திரையும் புதுக் கீபோர்டும் வைக்கவேண்டும், வீட்டுக்கு 15,000 ரூபாய், டீச்சர் ஆச்சி நினைவாக என்று கல்லில் பேர் வெட்டப்படும். ஆச்சி பேரை நினைத்தீர்களே, அதற்கு நன்றி. ஆனால் எங்கள் வீட்டுப் பங்கு இப்போது வராது. ஏன் என்று பத்துப் பேர் பத்து விதமாகப் பேசுமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

ஊருக்குப் போய்வந்த சித்தி மகன் அனுப்பிய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆச்சியின் கால் ஆர்மோனியம் கோயில் வெஸ்ட்ரி அறைக்குப் பின்னால் சாய்ப்புக் கொட்டகையில் கிடக்கிறது. மேலே சிமெண்ட் சாக்கு, பக்கத்தில் ஆடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த மழையில் கோயிலுக்குள் தண்ணீர் நின்று நனைந்தது. நனைந்ததற்கு யாரையும் குறை சொல்லவில்லை. தண்ணீர் வடிந்த பிறகும் அதைத் துடைத்து எடுத்துவைக்க ஒரு கை நீளவில்லையே, அதுதான் மனசைப் போட்டு அறுக்கிறது. இவ்வளவுக்கும் அந்தக் கோயில் திண்ணையில் ஆச்சியிடம் அ, ஆ படித்தவர்கள்தான் இந்தக் குழுவில் பாதிப் பேர்.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஆச்சி பனையேறி மகள். பாளையங்கோட்டை சாராள் தக்கரில் தங்கிப் படித்து டீச்சர் வேலைக்கு வந்தவள். தாத்தா கொழும்பில் கடையில் இருந்தார். பணம் ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. நாலு பிள்ளைகளையும் மாமியாரையும் ஆச்சி சம்பளம்தான் காப்பாற்றியது. அந்த நெருக்கடியிலும் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி தனிக் கலயத்துக்குப் போகும். இந்திய மிஷனெரி சங்கத்துக்கு. 1903இல் பாளையங்கோட்டையில் அதைத் தொடங்கிய அசரியா நம் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், தோர்ணக்கல் பேராயர் ஆனவர் என்று கலயத்தை மூடும்போது சொல்லுவாள். ராத்திரி ஜெபத்தில் கொழும்புக் கடை முதலாளிக்கும் ஒரு வரி உண்டு.

பாட்டுக்கு வருகிறேன். நம் கோயிலில் ஞானப்பாட்டு வேறு, கீர்த்தனை வேறு. ஞானப்பாட்டு ஜெர்மன், ஆங்கிலப் பாட்டுகளைத் தமிழாக்கி அந்த மெட்டிலேயே பாடுவது. கீர்த்தனை இங்கேயே பிறந்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூர் சரபோஜி மன்னர் அவையில் பாடிய வேதநாயக சாஸ்திரியாரின் பாட்டுகளை, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853இல் தம் தொகுப்பில் சேர்த்து அச்சிட்டார். அதற்குப் பிறகு அவை ஊர் ஊராகப் பரவின. ஒவ்வொரு கீர்த்தனைக்கும் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். "ராகம் பேரைச் சொல்லுல, பொறவு வாயத் தொற" என்பாள் ஆச்சி. சொல்லாமல் யாரும் பாடியதில்லை.

ஆர்மோனியத்தில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழுப்பது, வராது. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை விலக்கி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆச்சிக்கு அது நன்றாகத் தெரியும். இழுக்கவேண்டிய இடம் வந்ததும் மற்ற விரல்களை எடுத்துவிட்டு சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு தொண்டையால் இழுப்பாள். கால் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருக்கும். பெண்கள் பக்கம் அப்படியே அந்த இழுப்பைப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கு என்ன நடக்கிறது? கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் தாளம் அதுவாக ஓடுகிறது. ஏழு எண்ணவேண்டிய சாபு தாளப் பாட்டையும் நாலு நாலாக வெட்டிப் பாடுகிறார்கள். பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வாய்க்கால் வழக்கு நடந்த வருஷம் மேலத்தெருப் பெரியவர் தவறினார். பாடகர் குழுவில் ஒருவரும் துக்க வீட்டுக்குப் போகவில்லை, எங்கள் தாத்தாவும் போகக்கூடாது என்றார். ஆச்சி பாட்டுப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு தனியாகப் போய் விடியவிடியப் பாடிவிட்டு, வந்து குளித்துப் பள்ளிக்கூடம் போனாள். அவள் விசுவாசம் அப்படி.

நான் கேட்பது இவ்வளவுதான். நாகர்கோவிலில் ஆர்மோனியம் சரிசெய்கிறவரிடம் படத்தைக் காட்டினேன். ரீடெல்லாம் பித்தளை, களிம்பைத் தேய்த்தால் போய்விடும். துருத்தித் தோலை மாற்றவேண்டும் என்கிறார். அந்தச் செலவு முழுக்க எங்கள் வீட்டுடையது. ஊர்ப் பணத்தில் ஒரு பாட்டு வாத்தியாரை வைத்து, சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குக் கீர்த்தனை சொல்லிக்கொடுங்கள். அவருக்கு மாதம் 4,000 கொடுத்தாலும் வருஷத்துக்கு 48,000தான். பேர் வெட்டிய கல் வேண்டாம்.

வெள்ள நிவாரணக் கணக்கு என்ன ஆயிற்று என்பதையும் இங்கேயே கேட்கிறேன்.

—

அனுப்புநர்: பொருளாளர், மஸ்கட்

தங்கச்சி, கணக்கை நீ கேட்டது சரி. வரவு 2,38,400. செலவு 1,91,750. மீதி 46,650 வங்கியில் அப்படியே இருக்கிறது. செலவில் 12,000க்கு ரசீது இல்லை. தண்ணீருக்குள் படகு கொண்டுவந்தவனிடம் ரசீது கேட்கவா முடியும்? மூன்று பேர் கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் உண்டு. வெள்ளத்துக்கென்று வாங்கிய பணத்தைத் திரைக்கும் தொடமாட்டேன், பாட்டு வாத்தியாருக்கும் தொடமாட்டேன். அதற்குத் தனியாகத் தீர்மானம் வேண்டும். நான் இருக்கும்வரை அப்படித்தான்.

—

அனுப்புநர்: மேலத்தெரு வீடு, சிட்னி

தங்கச்சி, அந்த ராத்திரியை இத்தனை பேர் முன்னால் எழுதியிருக்க வேண்டாம். அது எங்கள் தாத்தா. ஆச்சி அதைப் பற்றி வெளியே மூச்சு விட்டதில்லை. நீ எங்களுக்குச் செய்த உபகாரமாக எழுதிவிட்டாய். மறு வருஷம் உன் அப்பா காலேஜ் பீஸ் எங்கிருந்து போனது என்று நாங்கள் யாரிடமும் சொன்னதுண்டா?

திரையைக் கேட்டவன் நான்தான், என் பங்கு 30,000 கொடுத்துவிட்டேன். அம்மாவுக்குச் சர்க்கரையால் பார்வை குறைந்து, பாட்டுப் புத்தக எழுத்து தெரியவில்லை. ஆச்சியிடம் படித்த பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பெரிய எழுத்தில் முன்னால் போட்டால் பாடுவாள். சுற்றியுள்ள ஊர்க் கோயில்களிலெல்லாம் வந்துவிட்டது, நம்மால் முடியாதா?

ஆர்மோனியம் சாய்ப்பில் கிடப்பது எனக்குத் தெரியாது. தம்பியிடம் சொல்லிவிட்டேன். இன்று சாயந்திரம் எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்துவிடும்.

—

அனுப்புநர்: டீச்சர் வீட்டுப் பேத்தி, தோஹா

அண்ணே, அப்பா பீஸ் விஷயம் எனக்கு இன்றுவரை தெரியாது. அம்மாவிடம் கேட்கிறேன்.

தம்பியிடம் சொல்லுங்கள், வெயிலில் வைத்துவிட வேண்டாம், மரம் வெடித்துவிடும். ஹாலில் ஃபேன் காற்று போதும். மிதியை மிதித்துப் பார்க்கவும் வேண்டாம், மிச்சத் தோலும் கிழிந்துவிடும்.

மாமிக்காகத் திரை என்றால் எங்கள் பங்கும் அதில் சேரட்டும், கல் மட்டும் வேண்டாம். திரையில் பாட்டுப் போடுகிற பையனிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: பல்லவிக்கு மேலே ராகமும் தாளமும் விடாமல் வரவேண்டும். பாட்டு வாத்தியார் பேச்சைத் தீர்மானமாக அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன், யாராவது வழிமொழியுங்கள்.