நார்க்கண்ணாடிக் கூரை வண்டியில் ஹாம் ரேடியோ: குரல் சிதைவுக்குத் தீர்வு வேண்டும்

சைக்கிள் பேரணியின் தகவல் தொடர்புக்காக வாடகை வண்டிகளில் தற்காலிகமாக 2 மீட்டர் அலைநீள ஹாம் ரேடியோக்களை (உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பயன்படுத்தும் இருவழி வானொலிகள்) பொருத்தி வருகிறோம். இரும்புக் கூரை கொண்ட கார்களில் காந்த அடி ஆண்டெனாவை வைத்தவுடன் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆண்டெனாவிலிருந்து எவ்வளவு திறன் திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு; 1-ஐ நெருங்க நெருங்க நல்லது) 1.3-ஐத் தாண்டுவதில்லை; ஆனால் நார்க்கண்ணாடிக் (ஃபைபர் கிளாஸ்) கூரை உள்ள வேனில், அதே 50 வாட் ரேடியோவும் அதே கால் அலை ஆண்டெனாவும் (அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ளது) 145 மெகாஹெர்ட்ஸில் 3-க்கு மேல் காட்டுகின்றன. முழுத் திறனில் பேசினால் என் குரல் சிதைந்து கேட்பதாக எதிர்முனையில் சொல்கிறார்கள். 5 வாட்டில் இந்தக் குறை இல்லை, எனினும் வழித்தடத்தின் கடைசிப் பகுதிக்கு அது எட்டாது.

சிகரெட் லைட்டர் இணைப்பைத் தவிர்த்து, இரு கம்பிகளிலும் ஃபியூஸ் வைத்து பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுத்தேன். பேசும்போதும் 13 வோல்ட்டுக்குக் குறையாததால் மின்வழங்கலை நான் சந்தேகிக்கவில்லை. ஆண்டெனாவின் அடியில் 30 சென்டிமீட்டர் சதுர இரும்புத் தகடு வைத்தபோது எஸ்.டபிள்யூ.ஆர். சற்றே குறைந்தது. கால் அலை நீளமே ஏறத்தாழ அரை மீட்டர் என்பதால் அத்தகடு போதாது என்பது புரிகிறது. பிறகு தரைத்தளம் (ஆண்டெனாவின் அடியில் இருக்க வேண்டிய உலோகப் பரப்பு) தேவைப்படாத அரை அலை ஆண்டெனாவுக்கு மாறினேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5-க்கு இறங்கியது, சிதைவு மட்டும் போகவில்லை. கேபிளிலும் மைக் கம்பியிலும் ஃபெரைட் (கம்பி வழியே ரேடியோ அலை புகுவதைத் தடுக்கும் காந்தப்பொருள் துண்டு) மாட்டியும் பெரிய மாற்றமில்லை. ஆண்டெனா ஓட்டுநர் இருக்கைக்கு நேர் மேலே இருக்கிறது. உலோகக் கூரையின் மறைப்பு இல்லாததால் அலை நேராக மைக்கில் புகுகிறது என்பதே என் கணிப்பு.

துளையிட அனுமதியில்லாத இத்தகைய வண்டியில், 50 வாட்டிலும் குரல் சிதையாதிருக்க ஆண்டெனாவை எங்கே, எவ்வாறு பொருத்த வேண்டும்?