கொல்லிமலையில் ஓரியின் கோட்டை எங்கே? அம்மாவை அழைத்துப் போகிறேன்

வழிப்போக்கன்_மதுரை:

அம்மா பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியை அத்தனை வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அந்த மலையை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. ஓரியின் கோட்டை, கொல்லிப்பாவை, ஆகாயகங்கை மூன்றும் பார்க்க வேண்டுமாம். கோட்டை எங்கே என்று தேடிப் பார்த்தேன், ஒன்றும் சிக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, வளைவுச் சாலை என்றாலே தலை சுற்றும். மதுரையிலிருந்து காரில் விடியற்காலை கிளம்பினால் அன்று இரவே திரும்பிவிடலாமா? ஆடி மாதம் போனால் விழா பார்க்கலாம் என்கிறார்கள், நல்ல நேரம்தானா?

சுற்றுலா_சுந்தர்:

தாராளமாக முடியும் நண்பா. ஓரி சிலை முன்னால் ஒரு போட்டோ, சீக்குப்பாறை வியூபாயிண்ட், எட்டுக்கை அம்மன், அருவி. நாங்கள் எல்லாம் முடித்துவிட்டு ராத்திரி நாமக்கல் வந்து சாப்பிட்டோம். அம்மாவை அருவிக்கு மட்டும் இறக்காதீர்கள்.

பழைய_டிரைவர்:

தம்பி, நான் அந்த மலைக்கு பஸ் ஓட்டியவன். சுந்தர் சொன்ன மாதிரி இளவட்டங்கள் போய்வரலாம். முட்டிவலிக்கார அம்மாவை வைத்துக்கொண்டு ஒரே நாளில் வேண்டாம். மேலே ஒரு ராத்திரி தங்குங்கள்.

முதலில் கோட்டை. அப்படி ஒன்று கிடையாது, தேடி அலையாதீர்கள். செம்மேட்டில் குதிரை மேல் ஓரி சிலை இருக்கிறது, அதுவும் நம் காலத்தில் வைத்ததுதான். என் பஸ்ஸில் தினமும் ஒரு தமிழ் வாத்தியார் ஏறுவார், மேலே பள்ளிக்கூடத்தில் வேலை. டிரைவர் சீட்டுக்குப் பின்னாலேயே உட்கார்ந்து புறநானூறு சொல்லிக்கொண்டு வருவார். 152ஆம் பாட்டு, வன்பரணர் பாடியது. ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைக் கொன்று, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்ததாம். "ஏன் சார், அது அம்பா, லாரியா?" என்று கேட்டேன். வாத்தியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

ஓரி செத்த கதையை அம்மாவே சொல்வார். முள்ளூர் மன்னன் காரி அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். அகநானூறு 209இல் வருகிறது. அதே பாட்டில் இந்த மலையை "செவ்வேர்ப் பலவின் பயங்கெழு கொல்லி" என்று சொல்லியிருக்கிறது. நான் பார்த்தவரை ஓரி காலத்து மிச்சம் என்றால் அந்தப் பலாதான். சீசனில் சோளக்காடு சந்தைக்குப் போய்ப் பாருங்கள், பலாப்பழம் மலை மாதிரி குவிந்து கிடக்கும். அம்மாவைச் சிலை முன்னால் அரை மணி நேரம் நிறுத்துவதை விடச் சந்தையில் ஒரு மணி நேரம் விடுங்கள். சுளை தின்றுகொண்டே பாட்டுச் சொல்வார்.

பாவைக்கு வருவோம். எட்டுக்கை அம்மனைத்தான் இப்போது கொல்லிப்பாவை என்று கும்பிடுகிறோம். சிரித்தே அசுரர்களை மயக்கிக் கொன்றவள் என்பது மலைக்கதை. வாத்தியார் சொன்ன நற்றிணைப் பாட்டில் (201, பரணர்) யாரையும் கொல்லவில்லை. காற்று மோதினாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே குலுங்கினாலும் உருவம் கெடாத பாவை, அந்தப் பாவையைப் போல் என் காதலியும் என் நெஞ்சைவிட்டுப் போகவே மாட்டேன் என்கிறாள் என்று ஒருவன் புலம்புகிறான். இரண்டும் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். கோயில் வாசலில் நின்று எது சரி என்று மட்டும் பூசாரியிடம் வாதாட விடாதீர்கள்.

ஆகாயகங்கை சுமார் 300 அடி அருவி. அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரத்துக்கும் மேல் படி. இறங்குவது சுலபம்போல் தெரியும், ஏறும்போதுதான் முட்டி கணக்குக் கேட்கும். அதனால் அம்மா கோயிலோடு நிற்கட்டும். தேவாரத்தில் பேர் வருகிற வைப்புத்தலம், சோழர் கல்வெட்டும் உண்டு. பக்கத்தில் ஓடும் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போடலாம். அறுத்த மீனை ஒட்டவைத்து உயிர் கொடுத்த சாமி என்று கதை, அந்த மீனை யாரும் பிடிக்க மாட்டார்கள்.

அப்புறம் ரோடு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கும். அம்மா முன் சீட்டில் உட்காரட்டும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம், ஒன்றுமே சாப்பிடாமலும் ஏற வேண்டாம், இரண்டு இட்லி போதும். நடுவில் நிறுத்தி இறங்கி நில்லுங்கள். நம்பரை எண்ணச் சொல்லாதீர்கள், எண்ணுகிறவர்கள்தான் முதலில் வாந்தி எடுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். ஏறி வருகிற வண்டிக்கு வழி விடுங்கள். இறங்கும்போது நியூட்ரலில் விட்டீர்கள் என்றால் பிரேக் சூடாகி நாறும், எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். வளைவு ஒத்தே வராது என்றால் முள்ளுக்குறிச்சி வழியாக இன்னொரு சாலை இருக்கிறது, வளைவு குறைவு, உங்களுக்குக் கொஞ்சம் சுற்று.

ஆடி 17, 18இல் ஓரி விழா. ஆகஸ்ட் 2, 3 வாக்கில் வரும். ஆட்டம் பாட்டம் எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் ஆடிப்பெருக்குக் கூட்டம் மொத்தமும் அந்த ஒரே ரோட்டில் ஏறும். அந்த இரண்டு நாள் வேண்டாம்.

வளப்பூர்_பொண்ணு:

டிரைவர் ஐயா சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஓரியோடு கதை முடிந்துவிட்ட மாதிரி எழுதிவிட்டார். மலையில் இருக்கிற எங்கள் மலையாளி சனத்துக்கென்று வேறு கதை இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று எங்கள் பாட்டி சொல்லும். வருகிறவர்கள் மலையாளி என்றதும் கேரளாவா என்று கேட்கிறார்கள், பதில் சொல்லி அலுத்துவிட்டது! இங்கே ஊர்களை நாடு என்றுதான் பிரித்துச் சொல்வோம், வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று. அம்மாவிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

வழிப்போக்கன்_மதுரை:

ரொம்ப நன்றி ஐயா, நன்றி தங்கச்சி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். லாரி ஜோக்குக்கு வாத்தியார் பேசாமல் இருந்தது சரிதான் என்கிறார். ஆடிக்கு முன்பே பலா இருக்கும்போது போகிறோம், ஒரு ராத்திரி தங்குகிறோம். ஒரு சந்தேகம். அங்கே முட்டிவலிக்கு ஏதோ கிழங்கு சூப் விற்கிறார்களாமே?

பழைய_டிரைவர்:

முடவாட்டுக்கால் கிழங்கு. பாறையில் படர்வது, ரோமம் முளைத்த ஆட்டுக்கால் மாதிரி இருக்கும். மிளகு தட்டிப் போட்டுச் சூடாகக் கொடுப்பார்கள். முட்டிவலி போகும் என்று சொல்லி விற்கிறார்கள், நான் குடித்தது குளிருக்கு. அம்மாவுக்கு ஒரு டம்ளர் வாங்கிக் கொடுங்கள், ஆனால் அதை நம்பிப் படியில் இறக்கிவிடாதீர்கள். சேந்தமங்கலத்திலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள்.