புது மாடுலைச் சேர்த்ததும் கன்ட்ரோலர் ட்ரிப் ஆகிறது, உதவுங்கள்

ஆதம்பாக்கம்:
வணக்கம். என் எச்ஓ (1:87 அளவு) மாடல் ரயில் லேஅவுட்டுக்குப் புதிதாக ஒரு மாடுல், அதாவது பிரித்துச் சேர்க்கும் பலகைத் துண்டு, செய்திருக்கிறேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், 12 மி.மீ. பிளைவுட். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே அடையாற்றைத் தாண்டும் ரயில் பாலம்தான் காட்சி. தூண்களுக்கே இரண்டு மாதம் ஆயிற்று.

தனியாக ஒயர் கொடுத்து ஓட்டினால் எஞ்சின் வழுக்கிக்கொண்டு போகிறது. பழைய மாடுலோடு போல்ட் போட்டு பிளக்கைச் சொருகினால், இணைப்பில் முதல் சக்கரம் ஏறியவுடன் டிசிசி (எஞ்சினை டிஜிட்டல் முறையில் ஓட்டும்) கன்ட்ரோலர் ட்ரிப் ஆகி மின்சாரம் நின்றுவிடுகிறது. இணைப்பில் ஃபிஷ்பிளேட் (தண்டவாள முனைகளைச் சேர்க்கும் தகடு) போடவில்லை, ஒரு மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறேன். கையால் தள்ளினால் சில பெட்டிகள் அதே இடத்தில் தடம் புரளவும் செய்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் பிள்ளைகள் வருகிறார்கள், அதற்குள் ஓட வேண்டும்.

அம்பத்தூர்:
தடம் புரள்வதற்கு மழைக்காலம்தான் காரணமாக இருக்கும். பலகையின் அடிப்பக்கம் பெயின்ட் அடித்தீர்களா? மேலே மட்டும் அடித்தால் அடிப்பக்கம் ஈரத்தை இழுத்துப் பலகை வளைந்துவிடும். ஐப்பசி மழையில் என் மாடுல் ஒன்று அப்படித்தான் போயிற்று. ட்ரிப் ஏன் என்று தெரியவில்லை.

பெரம்பூர்:
தம்பி, இரண்டும் வேறு வேறு கோளாறு. முதலில் ட்ரிப்பைப் பாருங்கள். இரண்டு மாடுலையும் சேர்த்து, பிளக் சொருகி, எஞ்சினை எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பழைய மாடுலின் இடது தண்டவாளத்தில், மறுமுனை புதியதின் இடது தண்டவாளத்தில். பூஜ்யம் காட்ட வேண்டும். பத்துக்கு மேல் காட்டினால் ஒயர் மாறியிருக்கிறது. பழைய டிசி முறை என்றால் எஞ்சின் எதிர்ப்பக்கம் ஓடி உடனே காட்டிக்கொடுத்திருக்கும். டிசிசியில் திசையை எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் சிப் பார்த்துக்கொள்வதால் தனியாக ஓட்டும்போது தெரியாது. சக்கரம் இடைவெளியை மூடும்போதுதான் ஷார்ட்.

ஆதம்பாக்கம்:
அண்ணா, 13 வோல்ட் காட்டுகிறது! சால்டரிங் செய்ய மாடுலைக் கவிழ்த்து வைத்திருந்தேன். சிவப்பு இடது, கறுப்பு வலது என்று அடிப்பக்கம் பார்த்தே எழுதிவிட்டேன். கவிழ்த்தால் இடது வலதாகிவிடும் என்பது தோன்றவே இல்லை. ஆறு ஃபீடரையும் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் ஒயர்கள்) பிரிக்க வேண்டுமா?

பெரம்பூர்:
வேண்டாம். ஒன்றிரண்டு மட்டும் மாறியிருந்தால் தனியாக ஓட்டும்போதே ட்ரிப் ஆகியிருக்கும். ஆறும் ஒரே மாதிரி மாறியிருப்பதால் பிளக்கில் இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் போதும். அப்புறம் இரண்டு தண்டவாளத்தையும் தொடும்படி ஐந்து ரூபாய் நாணயத்தைக் குறுக்கே வைத்துப் பாருங்கள், கன்ட்ரோலர் சட்டென்று ட்ரிப் ஆக வேண்டும். ஆகாவிட்டால் ஒயர் மெல்லியது என்று அர்த்தம். மெயின் ஒயருக்கு 1.5 சதுர மி.மீ. போடுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் மீட்டர் கணக்கில் தருவார்கள்.

தடம் புரள்வதற்கு: இரண்டு மாடுலையும் போல்ட் போட்டு இறுக்குங்கள். இணைப்பின் இரு ஓரத்திலும் தண்டவாளத்துக்கு நேர் கீழே பித்தளை ஸ்க்ரூ இறக்கி, அதன் தலையில் தண்டவாளத்தை சால்டர் செய்யுங்கள். இணைப்பின் மேல் ஒரே நீளத் தண்டவாளம் வரும்படி போட்டு, கடைசியில் மெல்லிய ரம்பத்தால் நடுவில் வெட்டினால் இரண்டு முனையும் நேராக நிற்கும். ஸ்க்ரூவைத் திருப்பினால் உயரமும் சரியாகும், ஆனால் சால்டர் போடும் முன்பே திருப்பிவிடுங்கள்.

இன்னொன்று, கேட்காத விஷயம்தான். எச்ஓவின் 16.5 மி.மீ. பாதை, நிஜத்தில் 1435 மி.மீ. கேஜுக்கானது (தண்டவாளங்களின் இடைவெளி), நம் மெட்ரோவுக்குத்தான் பொருந்தும். அடையாற்றுப் பாலம் அகலப்பாதை, 1676 மி.மீ. 87-ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரும். பாலத்தின் அகலத்தைத் தண்டவாளத்தை வைத்து அளக்காதீர்கள், படத்தைப் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.

ஆதம்பாக்கம்:
பிளக்கை மாற்றினேன், ட்ரிப் நின்றுவிட்டது. நாணயம் வைத்ததும் ட்ரிப் ஆகிறது, அப்புறம் எடுத்ததும் ஓடுகிறது. பித்தளை ஸ்க்ரூ நாளைக்கு. அம்பத்தூர் சார், அடிப்பக்கம் பெயின்ட் அடிக்கவே இல்லை, இன்றிரவே அடிக்கிறேன்.