புதுப்பிப்பு: ஈயத் தோட்டா வார்க்கும் அலுமினிய அச்சில் பிசிறு, காரணம் தெரிந்தது

இரட்டைக் குழி அச்சில் வார்த்த தோட்டாவில், அச்சின் இரு பாதிகளும் சேரும் இணைப்புக் கோட்டில் பிசிறு வருவதாக முன்பு எழுதியிருந்தேன். அச்சு தேயவில்லை. அச்சை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பாதிகளுக்கு இடையே முடியளவு இடைவெளி தெரிகிறது. பாதிகள் ஒன்றையொன்று தொடும் உட்புற முகத்தில் ஒட்டிய ஈயத் துணுக்குதான் காரணம்.

தயவுசெய்து இரும்பால் சுரண்டாதீர்கள், அலுமினியம் கீறிவிடும். அச்சின் மூலையை உருகிய ஈயத்தில் வைத்துச் சூடேற்றுங்கள். ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். இளகியதும் மரக்குச்சியால் தள்ளி, உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும். தோல் கையுறை அவசியம்.

ஈயம் பூசிக்கொண்டதற்கு மூலகாரணம் வேறு: ஈயம் உறையுமுன்னே மேல்தகட்டை (ஈயம் ஊற்றும் துளையுள்ள தகடு) திறந்தது. தகட்டின் அடியில் டூ-ஸ்ட்ரோக் ஆயிலை பஞ்சுக்குச்சியால் ஈரம் தெரியாத அளவு மட்டும் தடவுங்கள். குழிக்குள் எண்ணெய் இறங்கினால் தோட்டா சுருக்கம் விழுந்துதான் வரும்.